குறி தப்பியதைச் சொன்னவர்கள்



போன வாரம் ஜிம் கார்பெட் படத்தைப் போட்டு, எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். என்னிடம் தமிழ் படித்து, இன்று வனத்துறையில் பணியாற்றும் ஒரு தம்பி அதற்குக் கீழே மரியாதையாகக் கேட்டிருந்தார்: "ஐயா, புலியைச் சுட்டவர்களை நீங்கள் கொண்டாடலாமா? நாங்கள் இரவு பகலாகக் காப்பாற்றுவது அந்த விலங்கைத்தானே?"

அந்தக் கேள்விக்கு என் உறவினர் ஒருவர், "வாத்தியாரைக் கேள்வி கேக்காதப்பா, ரெண்டு பக்கத்துக்கு எழுதிடுவாரு" என்று பதில் போட்டிருந்தார். அவர் வாக்கு பலித்துவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் தோளில் வைத்துப் பிடித்த ஒரே துப்பாக்கி, திருவேற்காடு திருவிழாவில் பலூன் சுடும் கடையில் கிடைக்கும் ஏர்கன்தான். ஆனாலும் வேட்டை எழுத்து எனக்குப் பத்து வயதிலேயே அறிமுகமாகிவிட்டது. காரணம் அப்பா. ஆவடியில் ராணுவக் கிடங்கு ஒன்றில் எழுத்தர் வேலை அவருக்கு. சம்பளம் வாங்கிய வாரம் அம்பத்தூரிலிருந்து ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போவார். 1985-ல் எரிந்துபோன அதே மூர் மார்க்கெட்தான். பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். அட்டையில் கரடியோ கொம்புள்ள பெரிய மானோ நிற்கும். 'அவுட்டோர் லைஃப்', 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற பெயர்களை லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். தமிழாசிரியனான எனக்கு ஆங்கிலம் வந்ததே அந்த வழியில்தான்.

அந்தப் பத்திரிகைகளில் இருவர் பெயர் அடிக்கடி வரும். ஒருவர் ஜாக் ஓ'கானர். 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதிக்குப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அதற்கு முன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் கற்பித்த வாத்தியார். இன்னொருவர் எல்மர் கீத். ஐடஹோ மாநிலத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர், பெரிய தொப்பிக்காரர். இருவரும் எதிரெதிர்க் கட்சி. சின்னத் தோட்டாவாக இருந்தாலும் வேகமாகப் போய்ச் சரியான இடத்தில் பட்டால் போதும், தோளை உதைக்காத துப்பாக்கியை வைத்துக்கொண்டு நன்றாகச் சுடப் பழகு என்பது ஓ'கானர் கட்சி. பாயின்ட் 270 வின்செஸ்டர் என்ற தோட்டா அவர் எழுத்தால்தான் புகழ் பெற்றது என்பார்கள். கீத்துக்கோ தோட்டா கனமாக இருக்க வேண்டும், துளை பெரிதாக விழ வேண்டும். 1955-ல் வந்த பாயின்ட் 44 மேக்னம் ரிவால்வரோடு சேர்த்தே அவர் பெயரைச் சொல்வார்கள். எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று நம் தெருவில் நடந்த சண்டையை அங்கே இந்த இருவரின் வாசகர்கள் நடத்தினார்கள்.

கீத் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். வேறொருவர் சுட்டுக் காயம்பட்டு ஓடிய மானை, 600 கெஜ தூரத்திலிருந்து ரிவால்வரால் வீழ்த்தினாராம். 600 கெஜம் என்றால் அரை கிலோமீட்டருக்கும் மேல். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் இன்றும் சிரிக்கிறார்கள்.

நாம் சிரிக்கக் கூடாது. நம் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. புறநானூற்றின் 152-ஆம் பாட்டு வகுப்பில் நான் நடத்தியது, சிலருக்கு நினைவிருக்கலாம். வன்பரணர் பாடியது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். கடைசி வரிசையிலிருந்து யாரோ ஒருவர், "ஐயா, அம்பா ராக்கெட்டா?" என்று கேட்டு வகுப்பே சிரித்தது.

ஆனால் அந்தப் பாட்டில் நான் எப்போதும் நின்று விளக்கும் இடம் வேறு. வேட்டுவன் யாரென்று பாணர்களுக்குத் தெரியாது. அவன் முன்னிலையிலேயே ஓரியின் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணித் தலைகுனிகிறான். பிறகு இறைச்சியும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். பெருமை பேசுபவர் புலவர்தான், அம்பு விட்டவன் கூச்சப்படுகிறான். வேட்டை எழுத்தாளர்களை எடைபோட எனக்கு அந்த நாணம்தான் தராசு. சுட்டேன், விழுந்தது என்று மட்டும் எழுதுபவரை ரசிப்பேன், ஆனால் நம்ப மாட்டேன். குறி தப்பியதையும், பயந்ததையும், வெறுங்கையோடு திரும்பியதையும் எழுதுபவரைத்தான் நம்புவேன்.

இந்தத் தராசில் கார்பெட் ஏன் எல்லோரையும்விடக் கனமாக இருக்கிறார் என்று சொல்கிறேன்.

1875-ல் நைனிடாலில் பிறந்தவர் அவர். மொகாமா காட் என்ற இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்த வேலை பார்த்தவர். 'குமாவுன் ஆட்கொல்லிகள்' பற்றிய அவருடைய முதல் பெரிய புத்தகம் 1944-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 69. (ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று கேட்கும் என் சக ஆசிரியர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.) நம் தி.ஜ.ர. அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

சம்பாவத் பெண்புலியை 1907-ல் கார்பெட் சுட்டார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர். சுட்டு வீழ்த்திய பிறகு அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பக்கம் திரும்பியது என்று எழுதினார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் என்றோ சுட்டார். குறி சரியாக விழவில்லை. காயம்பட்ட புலியைத் தேடிப் போய் முடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் விட்டுவிட்டு வந்ததற்குக் கணக்குத் தீர்த்தவர்கள், புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போன மலைப்பெண்கள். குறி தப்பியதைச் சொல்வது வெறும் அடக்கம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான். காயம்பட்ட விலங்கை விட்டுவிட்டு வராதே என்பது ஓ'கானர் முதல் கார்பெட் வரை நல்ல வேட்டை எழுத்தாளர் அத்தனை பேரும் எழுதிய விதி.

ருத்ரபிரயாகை சிறுத்தைக் கதையும் அப்படித்தான். 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையில் இருட்டிய பிறகு கதவைத் திறக்க ஆள் கிடையாது. 1925-ல் போனார், முடியவில்லை, திரும்பினார். மறுபடி வந்து 1926 மே மாதத்தில்தான் சுட்டார். நடுவில் நஞ்சு வைத்தது பலிக்கவில்லை, பொறி வைத்தது பலிக்கவில்லை, இரவு இரவாக உட்கார்ந்தது பலிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதினார். தன் கழுத்துக்குப் பின்னால் பயம் ஊர்ந்ததையும் எழுதினார். அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி தோல்விக் கதைதான். அதனால்தான் கடைசிப் பக்கத்தில் வரும் ஒரே ஒரு தோட்டாவை நாம் நம்புகிறோம்.

இன்னொரு காட்சி. சௌகர் பெண்புலியைத் தேடிப் போனபோது, பக்கி என்று நம் ஊரில் சொல்லும் இரவுப் பறவையின் இரண்டு முட்டைகளை இடது கையில் எடுத்து வைத்திருந்தார். பாறையைத் திரும்பினால் புலி முன்னால் படுத்திருக்கிறது. முட்டையைப் போடவும் முடியாது, அசையவும் முடியாது. வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். பிறகு அந்த முட்டைகளைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அவர் யாரென்று புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

தம்பி, இப்போது நீ கேட்பாய்: ஆட்கொல்லியை மட்டும்தான் சுட்டாரா? இல்லை. பவல்கர் என்ற இடத்தில் மிகப் பெரிய ஆண்புலி ஒன்று இருந்தது. அது எந்த மனிதரையும் தொட்டதில்லை. அதை 1930-ல் சுட்டார். அதையும் அதே புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயம் எனக்கு இன்றும் கசக்கும். அதே புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், புலியைச் சுடுவதைவிடப் படம் எடுப்பதுதான் மேல் என்று வாதாடுகிறார். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்திருக்கிறார். கசப்பைத் தள்ளிவிட்டு இனிப்பை மட்டும் நான் உங்களுக்குக் காட்ட மாட்டேன்.

அடுத்து கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்து 1974-ல் மறைந்தவர், பெங்களூர்வாசி. கன்னடமும் தமிழும் பேசுவார். கார்பெட் வடக்கத்தியர் என்றால் இவர் நம்மவர். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், முத்தூர் என்று அவர் புத்தகத்தில் வருவதெல்லாம் ஓசூர், தருமபுரிப் பக்கத்து ஊர்கள். ஒகேனக்கல் சுற்றுலாவுக்கு உங்களை அழைத்துப்போனபோது பஸ்ஸில் நான் சொன்ன பனப்பட்டி யானைக் கதை அவருடையதுதான்.

நம் அம்பத்தூர் ஆவடிக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. நம் வீட்டுப் பக்கம் போகும் பம்பாய் ரயில் பாதை திருவள்ளூர், அரக்கோணம், ரேணிகுண்டா தாண்டிக் கடப்பைக்குப் போகிறது. ரேணிகுண்டாவுக்கு அடுத்து மாமண்டூர் என்று ஒரு சின்ன நிலையம். செங்கல்பட்டுப் பக்கத்து மாமண்டூர் வேறு, இது வேறு. அந்த நிலையத்தைச் சுற்றிய காட்டில் திரிந்த ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். சிறுவயதில் அம்பத்தூர் கேட்டில் நின்று பம்பாய் மெயில் கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வண்டி புலி இருக்கும் ஊர் வழியாகப் போகிறதே என்று எனக்குப் புல்லரிக்கும்.

ஆண்டர்சன் கதைகளில் சில நம்பும்படி இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில் வன்பரணர் வாடை அடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். தனக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தது யார் என்று பெயர் சொல்லி எழுதினார். சின்னாற்றுப் பக்கம் வாழ்ந்த பைரா என்ற பூசாரி, ரங்கா என்ற வேட்டைத் துணைவர். பைரா நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொண்டு திருட்டு வேட்டை ஆடியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். காய்ந்த இலையில் கிடக்கும் தடத்தை வைத்து நேற்று போனதா இன்று போனதா என்று சொல்லிவிடுவார். ஆண்டர்சன் கையில் பாயின்ட் 405 வின்செஸ்டர் இருந்தது. பார்க்கத் தெரிந்த கண் பைராவிடம் இருந்தது.

பைராக்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். ஆவடிப் பக்கம் நரிக்குறவர் குடியிருப்பு எல்லோருக்கும் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது அவர்கள் தோளில் நீண்ட நாட்டுத் துப்பாக்கியோடு ஏரிக்கரையில் நடந்து போவார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காடை, கவுதாரி விற்பார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவசியமான சட்டம், இல்லாவிட்டால் இன்று எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் பொழுதுபோக்குக்கு நூற்றுக்கணக்கில் சுட்ட மகாராஜாக்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு மாளிகையில் இருந்தார்கள். வயிற்றுக்குக் காடை பிடித்தவர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறிப் பேருந்து நிலையங்களில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.

அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் என் ஏழாம் வகுப்பில் இருந்தான். 'நான் கண்ட காட்சி' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் மெரினா கடற்கரை எழுதினார்கள். அவன் தாத்தாவோடு கவுதாரி பிடிக்கப் போனதை ஒரு பக்கம் எழுதினான். கூண்டில் பழக்கிய கவுதாரியை வைத்து, அதன் குரலுக்குச் சண்டைக்கு வரும் காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிப்பது. பழக்கிய பறவைக்கு 'பார்வை' என்ற சொல்லை அவன் எழுதியிருந்தான். அது சங்க இலக்கியத்தில் உள்ள சொல்! நான் உரை நூலில் படித்த சொல்லை அவன் தாத்தா வாயிலிருந்து கேட்டிருக்கிறான். கட்டுரையின் கடைசியில், ஒன்றும் மாட்டாத நாளில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்றும் எழுதியிருந்தான். பத்துக்கு ஒன்பது போட்டு வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். என் தராசில் அவன் கார்பெட் பக்கம்தான் நிற்பான். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அந்த வருடத்து மாணவர்கள் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

துப்பாக்கியே இல்லாமல் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 தொடங்கி 1996-ல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். காட்டில் அவர் தோளில் தொங்கியது கேமரா. யானையைப் பற்றி எழுதும் அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் புத்தகமாக வந்திருக்கிறது. வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் கதை உங்களுக்குப் பாடத்திலேயே வந்தது. சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப்போனார். அந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. சுட்டதோடு வீட்டுக்குப் போயிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்று.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். புலியைச் சுட்டதற்காக நான் யாரையும் கொண்டாடவில்லை. கூர்ந்து பார்த்ததற்காகவும், பார்த்ததை மறைக்காமல் எழுதியதற்காகவும் கொண்டாடுகிறேன். புலியைப் பேயாகவும் அரக்கனாகவும் நினைத்த காலத்தில், அதற்குப் பல்வலி வரும், வயதாகும், முள்ளம்பன்றி முள் குத்திச் சீழ் பிடிக்கும் என்று எழுதியவர் ஒரு வேட்டைக்காரர். அதைப் படித்துப் புலிமேல் இரக்கம் கொண்டவர்கள் எத்தனையோ பேர். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்ட இடம் அவர் பெயர் தாங்கிய பூங்காதான். 2022 கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் மட்டும் 306 புலிகள். ஆண்டர்சன் நடந்த காடுகளில் இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள்.

கடைசியாக உனக்கு ஒரு வேலை. 2021-ல் மசினகுடிப் பக்கம் டி-23 என்ற புலியை உங்கள் துறையினர் மூன்று வாரம் தேடினார்கள். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. ஒரு தோட்டாகூடச் சுடாமல் அக்டோபர் 15-ஆம் தேதி உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். தடம் பார்த்தவர்கள் பழங்குடி மக்கள், கூடவே கும்கி யானைகள். முந்தின இரவு மயக்க ஊசி பட்டும் அது தப்பி ஓடிவிட்டது என்று செய்தித்தாளில் படித்தேன். ருத்ரபிரயாகைக்குக் குறையாத கதை இது. கார்பெட்டால் முடியாத முடிவும் இதற்கு இருக்கிறது. ஆனால் இதைக் காட்டில் நின்றவர் யாரும் புத்தகமாக எழுதி நான் படிக்கவில்லை.

நீயும் உன் சகாக்களும் எழுதுங்கள். அந்தத் தப்பிய இரவை விட்டுவிடாமல் எழுதுங்கள். தடம் காட்டியவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாம் நான் திருத்தித் தருகிறேன், அதற்குத்தானே ஓய்வூதியம் வாங்குகிறேன்.

மற்றவர்கள், நீங்கள் படித்த வேட்டை, காட்டுப் புத்தகங்களில் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று கீழே எழுதுங்கள். 'சூப்பர் ஐயா' என்று மட்டும் போட்டால் மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் தமிழையா,
அம்பத்தூர்.